உங்களுக்குத் தெரியுமா?
மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை!

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த 2024 நவம்பர் 30 இரவை விழுப்புரம் மாவட்டம் மறக்காது. மறுநாள் காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 செ.மீ., திண்டிவனத்தில் 37 செ.மீ. மழை கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட, தென்பெண்ணை ஆறு கரைபுரண்டது. அந்நேரத்தில் ஆவணங்களைத் தேடிப் பீரோவைத் துழாவ முடியுமா? ஐப்பசி பிறக்கும்போதே ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக்கை பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் வையுங்கள். டார்ச்சும், முக்கியமாக, பெரியவர்களின் ஒரு வார மாத்திரைகளும் கூடவே இருக்கட்டும். வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் முன்பே மெயின் சுவிட்சை அணையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்: 1077.