மென்னீர்க் கருவியின் பழுதும் திருத்தமும்

கல்யாண் சந்திப்பில் இருப்புப் பாதை கசாரா நோக்கியும் கர்ஜத் நோக்கியும் இரண்டாகப் பிரிகிறது. அந்நகரத்து மாடிக் குடியிருப்புகள் பலவற்றிற்குத் தண்ணீரும் இரு வழியாகவே வந்து சேருகிறது. ஒன்று, உல்ஹாஸ் ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து நகராட்சிக் குழாய்களில் விடப்படும் நீர். மற்றொன்று, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைக்கப்படுவது அல்லது லாரியில் வருவது. மழையால் ஊட்டம் பெறும் ஆற்று நீர் பொதுவாக மென்மையானது. நிலத்தடி நீரோ பசால்ட் என்னும் எரிமலைப் பாறையின் வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கிக் கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கோடையில் குழாய் நீர் குறையுங்கால் இவ்விரண்டும் மேல்தொட்டியில் கலக்கின்றன.

மழைக்காலத்தில் பொருத்திச் சீர்செய்த மென்னீர்க் கருவி, கோடையில் பயன் தராமற் போவதற்கு இக்கலப்பே பெரும்பாலும் காரணமாகும். இதனை உணராதோர், கருவியினுள் இருக்கும் ரெசின் கெட்டுவிட்டதென்று எண்ணிப் பெரும்பொருள் செலவிட்டு அதனை மாற்றிவிடுகின்றனர். நன்கு பேணப்பட்ட ரெசின் பல ஆண்டுகள் உழைக்கக் கூடியது. ஆதலின் அளந்து பாராமல் அதன்மேற் பழி சுமத்துதல் தகாது.

கருவி வேலை செய்யும் முறை

மண்ணானது தன்னிடமுள்ள ஓர் உப்புக் கூறினை விடுத்து மற்றொன்றை ஏற்கும் என்பதை 1850-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் தாம்சன், வே ஆகியோர் விளக்கினர். 1935-இல் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்போர் இப்பண்புடைய செயற்கை ரெசினை உருவாக்கினர். இன்றைய கருவியில் உள்ள சிறு மணிகள் அவ்வழி வந்தவையே. அவை கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பற்றிக்கொண்டு, ஈடாகச் சோடியத்தை நீரில் விடுகின்றன. சோடியம் தீர்ந்தபின் சமையலுப்புக் கரைசலைச் செலுத்தினால் மணிகள் பழைய ஆற்றலைப் பெறும். இதற்கு மீளாக்கம் என்று பெயர்.

முதலில் அளவை

நீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரைக் கொண்டு இக்கருவியைச் சோதித்தல் பிழையாகும். ஓர் உப்பின் இடத்தில் மற்றோர் உப்பு வருகிறதேயன்றி மொத்த அளவு குறைவதில்லை. கருவி செம்மையாக இயங்கும்போதும் மீட்டர் ஏறத்தாழ அதே எண்ணையே காட்டும். கடினத்தன்மையை ஈ.டி.டி.ஏ. கரைசலால் அளக்க வேண்டும். சிவந்த நிறம் நீலமாக மாறும் இடமே முடிவு. கருவிக்குள் புகும் நீரையும் வெளிவரும் நீரையும் தனித்தனியே சோதித்துக் குறித்துக்கொள்க.

பழுதுகளைத் தேடும் வரிசை

முதலாவதாக, கருவியைச் சுற்றிச் செல்லும் மாற்று வழி வால்வு முழுவதும் மூடியுள்ளதா என்று பார்க்க. அது சிறிது திறந்திருந்தாலும் கடின நீர் கலந்துவிடும்.

இரண்டாவதாக, உப்புத் தொட்டியை நோக்குக. கொங்கணக் கரையின் ஈரக் காற்றில் உப்பு இறுகி மேலே பாலம்போல் நிற்க, அடியில் வெற்றிடம் உண்டாவதுண்டு. தொட்டி நிறைந்தது போலத் தோன்றினும் கரைசல் உண்டாகாது. மரக்குச்சியால் மெல்லக் குத்தி இதனை அறிந்து உடைக்கலாம். மண் கலந்த உப்பும், எளிதில் இறுகும் பொடியுப்பும் ஏற்றவையல்ல.

மூன்றாவதாக, மீளாக்கத்தின்போது உப்புக் கரைசலின் மட்டம் இறங்குகிறதா என்று கவனிக்க. இறங்காவிடில், கரைசலை உறிஞ்சும் சிறு துளை அடைபட்டிருக்கலாம். அன்றி நீரழுத்தம் போதாமலிருக்கலாம். 10 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 1 கிலோகிராம் அழுத்தமே சதுர சென்டிமீட்டருக்குத் தரும். மேல்தொட்டிக்கு 3 மீட்டர் கீழேயுள்ள கடைசி மாடி வீட்டில் அது 0.3 அளவே. தானியங்கி வால்வுகள் பலவற்றிற்கு இது போதாது. அங்குப் பழுது கருவியில் இல்லை. அழுத்தம் தரும் சிறு பம்பு தேவை.

நான்காவதாக, நேரக் கருவியைச் சரிபார்க்க. மீளாக்கம் நடக்கையில் வீட்டிற்குக் கடின நீரையே விடும் வால்வுகள் பல. மின்தடையால் கடிகாரம் பிந்தினால், நள்ளிரவுக்குப்பின் நிகழ வேண்டியது காலை நீராடும் வேளையில் நிகழும்.

இவையனைத்தும் செம்மையாயிருந்தும் கடினத்தன்மை நீங்காவிடில் மட்டுமே ரெசினை ஐயுறலாம். இரும்புக் கறை படிதல் அதற்கு ஒரு பொதுவான காரணம்.

அமைப்பைத் திருத்துதல்

25 லிட்டர் ரெசின் உள்ள கருவியைக் கொள்வோம். லிட்டருக்கு 50 கிராம் வீதம் அது 1,250 கிராம் கடினத்தன்மையை ஏற்கும். ஐவர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு 500 லிட்டர் செலவு, கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் எனின், நாள்தோறும் 200 கிராம் சேரும். கருவி 6 நாள் தாங்கும்; 5 நாளுக்கு ஒருமுறை மீளாக்கம் செய்தல் பாதுகாப்பு. கடினத்தன்மை 200 ஆகக் குறையின் 12 நாள் தாங்கும். கோடைக்கு அமைத்ததை மழைக்காலத்திலும் விட்டுவைத்தால், ஒவ்வொரு முறையும் சுமார் 3 கிலோகிராம் உப்பும் நூற்றுக்கு மேற்பட்ட லிட்டர் நீரும் வீணே சாக்கடையில் சேரும். அவ்வுப்பை எளிதில் நீக்க இயலாது. அது நீர்நிலைகளையே சென்றடையும். ஆகவே பருவந்தோறும் அளந்து திருத்துதல் கடமையாகும்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 10500, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில், மொத்தக் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க வரம்பாக 200 மில்லிகிராமையும், வேறு நீர் கிடையாதவிடத்து 600 மில்லிகிராமையும் குறிக்கிறது. கடின நீர் என்பதனாலேயே அது குடிக்கத்தகாதது ஆகாது. மாறாக, 400 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கிய நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 184 மில்லிகிராம் சோடியம் கூடியிருக்கும். இரத்த அழுத்தம் காரணமாக உப்பைக் குறைக்க வேண்டியவர்கள் உள்ள வீட்டில், சமையலறைக் குழாயை மென்னீர்க் கருவியிலிருந்து பிரித்து வைத்தல் நன்று.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதிற் காட்டலாம். ஒரே அளவான இரு புட்டிகளில் குழாய் நீரையும் கிணற்று நீரையும் சம அளவில் எடுத்து, சோப்புக் கரைசலைத் துளித்துளியாக விட்டுக் குலுக்குக. நிலையான நுரை தோன்ற எந்நீருக்கு எத்தனை துளி வேண்டுமென மாணவர் எண்ணிக் குறிக்கட்டும். சலவைத் தூள் கடின நீரிலும் நுரைக்குமாதலால் அதனைப் பயன்படுத்தலாகாது. மழைக்குப்பின் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் இதனைச் செய்து ஒப்பிட்டால், வீட்டுக் கருவியை எப்போது திருத்த வேண்டும் என்பதை மாணவரே கூறிவிடுவர்.