யாரும் பார்க்காத முப்பது அடி

தெருவின் பெரிய குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் சிறு குழாய் மண்ணுக்குள் துருப்பிடித்துக் கிடக்கிறது. சுத்திகரித்து அனுப்பிய தண்ணீர் பல வீடுகளில் கெடுவது அங்கேதான். அதை யார் மாற்றுவது?

தில்லியின் பழைய குடியிருப்புகளில் ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும் என்றால் நாலே முக்காலுக்கே வீட்டில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். குழாய் முதலில் காற்றைத் துப்பும். கொஞ்சம் இருமும். பிறகு பழுப்பு நிறத்தில் தண்ணீர் வரும். அதை வாசல் கழுவ விட்டுவிடுவார்கள். ஐந்து நிமிடத்தில் நிறம் தெளிந்ததும் வாளி, குடம், மாடித் தொட்டி எல்லாம் நிரம்பத் தொடங்கும். அந்த முதல் ஐந்து நிமிடத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யாரும் கவலைப்படுவதில்லை. என்றாவது ஒரு நாள் அதில் சாக்கடை நாற்றம் அடிக்கும்போதுதான் பிளம்பரைத் தேடுவார்கள்.

பிளம்பர் வந்து வாசலுக்கு வெளியே தோண்டுவார். இரண்டடி ஆழத்தில், சாக்கடையை ஒட்டி, சில இடங்களில் சாக்கடைக்கு உள்ளேயே புகுந்து வெளியே வரும் அரை அங்குல இரும்புக் குழாய் தென்படும். துரு செதில் செதிலாக உதிரும். சைக்கிள் டியூபின் ஒரு துண்டை ஓட்டையின் மேல் இறுக்கிச் சுற்றி, கம்பியால் கட்டி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போவார். நாற்றம் போய்விடும். ஆறு மாதம் கழித்து, இரண்டடி தள்ளி, இன்னொரு குழி.

மண்ணுக்குள் நடப்பது

குடிநீர் வாரியத்தின் பெரிய குழாய் தெருவோரமாகப் போகிறது. அதில் ஒரு துளையிட்டு, ஃபெரூல் என்ற உலோகத் திருகைப் பொருத்தி, அங்கிருந்து வீட்டு மீட்டர் வரை ஒரு சிறு குழாயை இழுப்பார்கள். சர்வீஸ் லைன் என்பது இதுதான். பத்தடியும் இருக்கும், ஐம்பதடியும் இருக்கும்.

பல ஆண்டுகளாக இதற்குப் பயன்பட்டு வந்தது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், அதாவது ஜி.ஐ. பைப். இதில் மூன்று வகை உண்டு. மஞ்சள் வளையம் போட்டது மெல்லியது, நீலம் நடுத்தரம், சிவப்பு கனமானது. அரை அங்குலக் குழாயில் மெல்லிய ரகத்தின் சுவர்க் கனம் 2 மில்லிமீட்டர், கனமான ரகத்தில் 3.2 மில்லிமீட்டர். விலையைப் பார்த்து மஞ்சள் வளையத்தை வாங்கியவர்கள் ஏராளம். ஆனால் எந்த வளையமானாலும், இணைப்புக்காக மரை வெட்டும் இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடுகிறது. இரும்பு அங்கே நிர்வாணமாக நிற்கிறது. சாக்கடை ஊறிய ஈரமண் அந்த இடத்தைத்தான் முதலில் அரிக்கிறது.

குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே கசியத்தானே செய்யும், அழுக்கு எப்படி உள்ளே வரும்? நாள் முழுவதும் அழுத்தத்தோடு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வி நியாயமானது. இந்திய நகரங்களில் பெரும்பாலானவற்றில் தண்ணீர் வருவது தினமும் சில மணி நேரம், அல்லது சில நாளைக்கு ஒரு முறை. வால்வை மூடியதும் பள்ளத்தில் உள்ள வீடுகள் குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீரை இழுத்துக்கொள்ள, மேட்டில் உள்ள குழாய்கள் வெறுமையாகின்றன. வெறுமையான குழாய் உறிஞ்சுகிறது. ஓட்டைக்கு வெளியே சாக்கடை நீர் இருந்தால் அதைத்தான் உறிஞ்சும். மறுநாள் காலை வரும் முதல் ஐந்து நிமிடத் தண்ணீர் அதுதான்.

தில்லிக்காரர்கள் 'டுல்லு' என்று சொல்லும் சிறு மோட்டாரை நேரே லைனில் மாட்டி இழுக்கும் பழக்கம் இதை இன்னும் மோசமாக்குகிறது. சட்டப்படி குற்றம்தான். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர் மாட்டியிருக்கும்போது தான் மட்டும் மாட்டாமல் இருந்தால் தொட்டி நிரம்பாது என்பது ஒவ்வொரு வீட்டின் வாதம். மோட்டார் பெரிய குழாயின் தண்ணீரோடு நில்லாமல், வழியில் உள்ள அத்தனை ஓட்டைகளின் ஈரத்தையும் சேர்த்தே இழுக்கிறது.

காகிதத்தில் இதற்கெல்லாம் விதி உண்டு. குடிநீர்க் குழாய் கழிவுநீர்க் குழாயிலிருந்து மூன்று மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். குறுக்கே கடக்க நேர்ந்தால் அதற்கு அரை மீட்டராவது மேலே போக வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே நடந்தால் தோள் இடிக்கும் சந்துகளில் மூன்று மீட்டருக்கு எங்கே போவது?

யார் சொத்து?

பெரிய குழாய் வாரியத்தினுடையது. அதில் சந்தேகமில்லை. ஃபெரூலிலிருந்து வீடு வரையிலான குழாயைப் பழுது பார்ப்பது பெரும்பாலான நகரங்களில் வீட்டுக்காரரின் பொறுப்பு. ஆனால் அது கிடப்பதோ பொதுச் சாலைக்கு அடியில். தன் குழாயைத் தொட அவர் மாநகராட்சியிடம் சாலை வெட்ட அனுமதி வாங்க வேண்டும், சாலையைச் சீர்செய்யப் பணம் கட்ட வேண்டும். குழாயின் விலையைவிட இந்தத் தொகை அதிகமாக இருப்பது சாதாரணம். ஃபெரூலைத் தொடும் உரிமை வாரியத்து ஆட்களுக்கோ, உரிமம் பெற்ற பிளம்பருக்கோதான்.

விளைவு, வீட்டுக்காரர் தள்ளிப்போடுகிறார். தெருவில் கெட்ட தண்ணீர் என்று புகார் போனால் வாரியம் தன் பெரிய குழாயைச் சோதித்து, அதில் குறையில்லை என்று எழுதிவிட்டுப் போக முடியும். அது பொய்யாகவும் இருக்காது. இடையில் உள்ள முப்பது அடியை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. வாடகைக்குக் குடியிருப்பவர் நிலை இன்னும் மோசம். குழாயும் அவருடையதல்ல, சாலையும் அவருடையதல்ல, குடிக்கும் வயிறு மட்டும் அவருடையது.

வசதியுள்ளவர்கள் இதற்கு ஒரு வழி கண்டுவிட்டார்கள். சமையலறைச் சுவரில் சுத்திகரிப்புக் கருவி. வசதியில்லாதவர்கள் காய்ச்சிக் குடிக்கிறார்கள், அதற்கும் காஸ் செலவாகிறது. மஞ்சள் காமாலை, டைபாய்டு, வயிற்றுப்போக்கு எல்லாம் சந்து சந்தாக வருவதற்கு இந்தக் குழாய்களும் ஒரு காரணம்.

கேந்திரபாடாவின் கைகள்

மண்ணுக்குள் கிடக்கும் இந்த ரகசியத்தை நேரில் அறிந்தவர் பிளம்பர் ஒருவர்தான். அவர் ஒரியாக்காரராக இருக்க வாய்ப்பு அதிகம். ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்தில் பட்டாமுண்டாய், ஆவுல் வட்டாரங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆண்கள் இந்தத் தொழிலுக்காகக் கொல்கத்தாவுக்கும், பின்னர் தில்லி, மும்பை, பெங்களூருக்கும் போயிருக்கிறார்கள். பட்டாமுண்டாயில் பிளம்பிங்குக்கென்றே அரசின் பயிற்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அண்ணன் தம்பியையும், மாமன் மருமகனையும் கூட்டிப்போய்க் கற்றுக்கொடுத்த தொழில்.

எந்தத் தெருவில் பெரிய குழாய் எங்கே திரும்புகிறது என்பது வாரியத்து வரைபடத்தைவிட இவர்கள் நினைவில் துல்லியமாக இருக்கும். சைக்கிள் டியூப் வைத்தியம் நிலைக்காது என்பதும் அவர்களுக்குத் தெரியும். முழுக் குழாயையும் மாற்றச் சொன்னால், காசுக்காகச் சொல்கிறார் என்று வீட்டுக்காரர் நினைப்பார். அதனால் கேட்டதைச் செய்துவிட்டுப் போகிறார்கள்.

மாற்றுவது என்றால்

முதலில் நோயை உறுதி செய்ய வேண்டும். தண்ணீர் வரும் நேரத்தில் வீட்டுக் குழாய்கள் அனைத்தையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தால், முள் ஓடினால் கசிவு வீட்டுக்குள். முள் நின்றும் வாசலில் மண் ஈரமாகவே இருந்தாலோ, தண்ணீரின் வேகம் பக்கத்து வீட்டைவிடக் குறைவாக இருந்தாலோ, சந்தேகம் சர்வீஸ் லைன் மேல். தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்பது இன்னொரு சோதனை. லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரம். தெருக் குழாயில் இருந்து வீட்டுக் குழாயில் இல்லாவிட்டால், வழியில் எதுவோ அதைத் தின்றுவிட்டது.

குழாய் பல இடங்களில் அரித்திருந்தால் ஒட்டுப்போடுவது வீண் செலவு. இப்போது பரவலாகப் போடப்படுவது எம்.டி.பி.ஈ. என்ற நீல நிற பாலிஎத்திலீன் குழாய். துருப்பிடிக்காது. சுருளாக வருவதால் ஃபெரூலிலிருந்து மீட்டர் வரை நடுவில் ஒரு இணைப்புகூட இல்லாமல் ஒரே துண்டாக இழுக்கலாம். கசிவது பெரும்பாலும் இணைப்பில்தான் என்பதால் இது பெரிய லாபம். கூரான கல் அழுத்தினால் கிழியும் என்பதால் கீழும் மேலும் மணல் போட வேண்டும். பெட்ரோல், டீசல் ஊறிய மண்ணில் இதைப் போடக் கூடாது. எண்ணெய் குழாய்ச் சுவரை ஊடுருவித் தண்ணீரில் கலக்கும்.

வேலையில் அதிகம் ஏமாற்றப்படும் கட்டம் கடைசியில் வருகிறது. புதிய குழாயில் தண்ணீர் வந்ததும் அனைவரும் திருப்தியாகக் குழியை மூடிவிடுகிறார்கள். பழைய குழாய்? அதன் ஃபெரூலைக் கழற்றிப் பெரிய குழாயின் துளையை அடைக்காவிட்டால், அந்தத் துருப்பிடித்த குழாய் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். தண்ணீர் வரும்போது கசியும், நிற்கும்போது சாக்கடையை உறிஞ்சிப் பெரிய குழாய்க்குள் அனுப்பும். ஒரு வீட்டுக்காரர் மிச்சம் பிடித்த அரை மணி நேர வேலை, தெரு முழுவதற்குமான விஷம். மூடுவதற்கு முன் அடைப்பைக் கண்ணால் பார்ப்பது, புதிய குழாயைக் குளோரின் கலந்த நீரால் சில மணி நேரம் நிரப்பி வைத்துக் கழுவிவிடுவது, இரண்டும் செய்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.

ஹூப்ளி காட்டிய வழி

இந்த முப்பது அடியையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதைக் கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாட் காட்டியது. உலக வங்கிக் கடனில் நடந்த சோதனைத் திட்டத்தில், ஊரின் சுமார் பத்தில் ஒரு பங்குக்கு 2008 முதல் 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது. பெரிய குழாய்களோடு வீட்டு இணைப்புகளும் மாற்றப்பட்டு மீட்டர் பொருத்தப்பட்டது. மற்ற பகுதிகளில் பழையபடி சில நாளைக்கு ஒரு முறைதான்.

2010-11இல் ஆராய்ச்சியாளர்கள் இரு பகுதிகளின் குழாய் நீரையும் சோதித்தார்கள். மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமி, விட்டுவிட்டுத் தண்ணீர் வந்த பகுதியில் நூற்றுக்கு முப்பதுக்கு மேற்பட்ட மாதிரிகளில் இருந்தது. தொடர்ந்து வந்த பகுதியில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. இரண்டு பகுதிக்கும் தண்ணீர் வந்தது அதே சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து.

2015இல் வெளியான இன்னொரு ஆய்வு கொண்டாட்டத்தைக் கொஞ்சம் அடக்கியது. குழந்தைகளின் வயிற்றுப்போக்கு மொத்தத்தில் குறிப்பிடும்படி குறையவில்லை. வயிற்றைக் கெடுக்கத் தண்ணீர் தவிர வேறு வழிகளும் இருக்கின்றன. ஆனால் டைபாய்டு கண்ட வீடுகள் குறைந்திருந்தன; ஏழை வீடுகளில் இரத்தபேதியும் குறைந்திருந்தது. இலாபம் அதிகம் சேர்ந்தது சுத்திகரிப்புக் கருவி வாங்க முடியாதவர்களுக்கு. 2021இல் ஒடிசாவின் புரி, நகரம் முழுவதும் குழாயிலிருந்தே நேரடியாகக் குடிக்கலாம் என்று அறிவித்தது.

மறுபக்கம், 2019இல் ஜல் ஜீவன் திட்டம் தொடங்கியபோது 3.23 கோடியாக இருந்த கிராமப்புறக் குழாய் இணைப்புகள் 2024 முடிவில் 15 கோடியைத் தாண்டின. ஒவ்வொன்றுக்கும் மண்ணுக்குள் ஒரு சர்வீஸ் லைன் உண்டு. இன்று புதியவை. இவற்றுக்கும் வயதாகும். அன்றைக்கு யார் தோண்டுவார், யார் பணம் கட்டுவார் என்பதை இப்போதே எழுதி வைக்காவிட்டால், நகரங்களின் கதை கிராமங்களிலும் திரும்பும்.

தில்லிச் சந்துகளில் அதற்குள் விடிந்துவிடுகிறது. தெரு முனையில் யாரோ ஒருவர் குழாயைத் திறந்துவிட்டு, பழுப்பு நிறம் தெளிவதற்காகக் காத்திருக்கிறார்.