விலைப்பட்டியலில் மறைந்து நிற்கும் கட்டம்

கோரிப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பிரவுசிங் சென்டரில் பார்த்த அதே இணையதளத்தை ஊருக்குத் திரும்பி செல்போனில் திறந்தால் வேறு முகமாகத் தெரியும். மேலே வரிசையாக நின்ற தலைப்புகள் இருக்காது. விலைப்பட்டியல் பாதியில் முடிந்தது போலிருக்கும். போலித் தளமோ என்ற சந்தேகம்கூட வரும்.

தளம் அதேதான். திரையின் அகலத்துக்கு ஏற்ப தன்னை மடக்கிக்கொண்டிருக்கிறது. 2010-ல் அமெரிக்க வடிவமைப்பாளர் ஈதன் மார்காட் 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்' என்று பெயரிட்ட முறை இது. கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாக நிற்பவை, செல்போனில் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிவிடும். காணாமல் போன தலைப்புகள், மேல் மூலையில் உள்ள மூன்று கோட்டுக் குறிக்குள் இருக்கும். தொட்டால் விரியும்.

தலைப்பு கிடைக்காவிட்டால் நேரம்தான் வீண். விலைக்கட்டம் தெரியாவிட்டால் பணம் போகும். மத்திய அரசின் 'அக்மார்க்நெட்' தளத்தில் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய பட்டியலை நினைத்துப் பாருங்கள். மாவட்டம், சந்தை, விளைபொருள், ரகம், தரம் எல்லாம் வந்த பிறகுதான் குறைந்தபட்ச விலை, அதிகபட்ச விலை, 'மாடல்' விலை வரும். மாடல் விலை என்பது அன்று பெரும்பாலான சரக்கு கைமாறிய விலை. நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான். அப்படிப்பட்ட பட்டியல் சின்னத் திரையில் குறைந்தபட்ச விலையோடு நின்றுவிட்டால், அதுவே இன்றைய விலை என்று நம்பி மாட்டுத்தாவணிக்குச் சரக்கு ஏற்றிவிடுவோம்.

ஒரு கணக்குக்குச் சொன்னால், குறைந்தபட்சம் 2,000 ரூபாய், மாடல் 2,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இவை குவிண்டாலுக்கான விலை. கிலோவுக்கு 20 ரூபாய், 28 ரூபாய். 50 கிலோ மூட்டை பத்து விற்றால் வித்தியாசம் 4,000 ரூபாய்.

பட்டியலின் மேல் விரலை வைத்து இடதுபக்கம் தள்ளுங்கள். மறைந்த கட்டங்கள் வரும். போனைப் படுக்கைவாக்கில் திருப்பினால் இன்னும் நல்லது. திரை திரும்பாவிட்டால் 'ஆட்டோ ரொட்டேட்' அணைந்திருக்கும். அதற்கும் மசியாவிட்டால், குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டு 'டெஸ்க்டாப் சைட்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். எழுத்து எறும்பு போல ஆகும், இரண்டு விரலால் பெரிதாக்கிக்கொள்ளலாம். (விலைக்கட்டத்தை முதலில் வைத்து வடிவமைத்தால் இந்த வித்தையெல்லாம் தேவையே இல்லை.)

பட்டா, சிட்டா பார்க்கும் தமிழக அரசின் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் என்று வரிசையாகக் கேட்பார்கள். போனில் கடைசிப் பெட்டி திரைக்குக் கீழே போய்விடலாம். கீழே தள்ளிப் பார்த்துவிட்டு பட்டனை அழுத்துங்கள். பி.டி.எஃப். கோப்பாக இறங்கும் ஆவணங்கள் திரைக்கேற்ப மடங்காது. வங்கிக்குக் கொடுக்கும் பிரதி என்றால் பிரவுசிங் சென்டரே வசதி.

முகம் மாறிய தளம் உண்மையானதா என்று பார்க்க, மேலே உள்ள முகவரியைத் தொட்டு முழுதாகப் படியுங்கள். குறுகிய திரையில் அதன் ஒரு பகுதிதான் தெரியும். அரசுத் தளங்களின் பெயர் பெரும்பாலும் ஜி-ஓ-வி, புள்ளி, ஐ-என் என்று முடியும். அந்த எழுத்துகள் நடுவில் வந்து, முடிவில் வேறு பெயர் இருந்தால் ஆதார் எண்ணையோ ஓ.டி.பி.யையோ கொடுக்காதீர்கள்.

இணையமே வேண்டாம் என்பவர்கள் கிசான் கால் சென்டருக்கு 1800 180 1551 என்ற கட்டணமில்லா எண்ணில் காலை 6 முதல் இரவு 10 மணி வரை தமிழில் பேசலாம். பட்டன் போனே போதும்.