அடித்தால் நிற்காத சொடுக்கு

ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் கலாஷீல்ஸ் என்றொரு சிறிய நெசவாலை நகரம். 1980களின் தொடக்கத்தில் அங்கே ஜான் டேவிட்சன் என்ற பள்ளி மாணவன் தன்னையறியாமல் தலையைச் சொடுக்க ஆரம்பிக்கிறான். பிறகு திடீர் திடீரென்று கத்தல். அப்புறம் கெட்ட வார்த்தைகள். கோல்கீப்பராகப் பெயரெடுக்கப்போகும் பையன் என்ற பெருமை, ஊர் முழுக்கக் கேலியாக மாறுகிறது. தலைமையாசிரியர் அடித்துத் திருத்தப் பார்க்கிறார். கிர்க் ஜோன்ஸ் இயக்கி 2025இல் வெளிவந்த 'ஐ ஸ்வேர்' படம் இந்த உண்மை வாழ்க்கையைத்தான் சொல்கிறது. வளர்ந்த ஜானாக ராபர்ட் அரமாயோ நடித்திருக்கிறார்.

ஜானுக்கு இருப்பது டூரெட் சின்ட்ரோம். எந்த அசைவை அனுமதிப்பது, எதை நிறுத்திவைப்பது என்று தீர்மானிப்பதில், மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியாவுக்கும் மூளையின் மேலடுக்கான புறணிக்கும் இடையிலான நரம்புச் சுற்றுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே ஏற்படும் கோளாறால், நிறுத்த வேண்டிய அசைவுகளும் ஒலிகளும் வெளியே வந்துவிடுகின்றன. இவற்றை 'டிக்' என்கிறார்கள். மரபணுக்களுக்கு இதில் பங்குண்டு, வளர்ப்புக்கு இல்லை.

டிக் வருவதற்கு முன் பலருக்கும் உள்ளே ஓர் உந்துதல் எழுகிறது: கண்ணில் எரிச்சல், தொண்டையில் அரிப்பு, கழுத்தில் இறுக்கம். தும்மலுக்கு முந்தைய நொடியைப் போன்றது அது. கொஞ்ச நேரம் அடக்கலாம். அடக்க அடக்க இறுக்கம் ஏறும். குழந்தைகளுக்கு வினையாவதும் இப்படிக் கொஞ்ச நேரம் அடக்க முடிவதுதான். "கணக்கு வகுப்புல மட்டும் ஒழுங்கா இருந்தியே, இப்ப என்ன வந்துச்சு?" என்று கேட்கிறார் ஆசிரியர். அந்தக் கணக்கு வகுப்பு முழுக்கக் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததில் பாடம் மண்டையில் ஏறியிருக்காது என்பது அவருக்குத் தெரிவதில்லை.

கெட்ட வார்த்தைகளைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டூரெட் உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கோ அதைவிடச் சற்று அதிகமானவர்களுக்கோதான் அது வருகிறது. ஜானுக்கு வருவது கடுமையான வகை. எந்த இடத்தில் எதைச் சொல்லவே கூடாதோ, அதுவே அவர் வாயில் வந்து விழுகிறது. 2019இல் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. விருது வாங்கப் போன இடத்தில் ராணியையே திட்டிவிட்டார். அதில் அவருடைய எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு டூரெட் என்றாலே வசவுதான் என்று நினைத்துவிட்டால், கண்ணை ஓயாமல் சிமிட்டும், தொண்டையைச் செருமும், மூக்கை உறிஞ்சும் பெரும்பாலான குழந்தைகள் கவனத்தில் படாமலே போய்விடுவார்கள். அவர்களுக்குப் பொதுவாக ஐந்து முதல் ஏழு வயதுக்குள் டிக் தொடங்கி, பத்து பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போகிறது. பதின்பருவம் முடிவதற்குள் பலருக்கும் கணிசமாகக் குறைந்துவிடுகிறது. கேலிக்கும் தண்டனைக்கும் பள்ளியில் வாய்ப்பு அதிகமுள்ள வருடங்களும் அவையேதான் என்பது என்னை வருத்துகிறது.

மருந்துகள் உண்டு. நடத்தைப் பயிற்சியும் உண்டு: உந்துதல் எழுவதைக் கண்டுகொண்டதும், கழுத்துச் சொடுக்கு என்றால் முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, கழுத்துத் தசைகளை மெல்ல இறுக்கி, நிதானமாக மூச்சுவிடப் பழக்குகிறார்கள். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 126 குழந்தைகள் பங்கேற்றார்கள். இந்தப் பயிற்சி பெற்றவர்களில் பாதிப்பேருக்கு மேல் நல்ல முன்னேற்றம்; வெறும் ஆலோசனை பெற்றவர்களில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஜானின் இளமையில் அவரைத் தாங்கியவர் மனநல நர்ஸான டாட்டி. நண்பனின் அம்மா. தன் வீட்டில் டிக்குக்காக மன்னிப்புக் கேட்கக் கூடாது என்று சொல்லி, ஜானைச் சேர்த்துக்கொள்கிறார். இது வெறும் பாசம் மட்டுமல்ல. பதற்றமும், எல்லோரும் தன்னையே கவனிக்கிறார்கள் என்ற உணர்வும் டிக்கைக் கூட்டுகின்றன. சொடுக்கு வரும்போது யாரும் திரும்பிப் பார்க்காத வகுப்பு, அடக்க முடியாதபோது கேள்வி கேட்காமல் வெளியே போய்வர அனுமதி, தேர்வு எழுதத் தனி அறை: டூரெட் உள்ள பிள்ளைக்காக எந்தப் பள்ளியும் நாளைக்கே இவற்றைத் தொடங்கலாம்.