புகை ஓய்ந்த கட்டடங்கள்

பெருநகரங்கள் பலவும் ஆற்றங்கரையில் பிறந்தவை. படகில் வந்த சரக்கை இறக்கத் துறை வேண்டியிருந்தது. இறக்கியதைக் காக்கக் கிடங்கு வேண்டியிருந்தது. கிடங்கை ஒட்டி ஆலையும், ஆலையை ஒட்டித் தொழிலாளர் குடியிருப்பும் எழுந்தன. காலம் மாறியபோது தொழில் வேறிடம் பெயர்ந்தது. பெயர முடியாத கட்டடம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அத்தகைய கட்டடத்தை இடித்து மனையாக்குவது ஒரு வழி. பாழடைய விடுவது மற்றொரு வழி. புதிய பணி ஒன்றைக் கொடுத்து வாழவைப்பது மூன்றாவது வழி.

இம்மூன்றாவது வழியைக் கண்ணாரக் காண விரும்புவோர் இலண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் ஒரு முற்பகல் நடந்தால் போதும். நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று அந்நகரில் படிக்கின்றனர், பணிபுரிகின்றனர். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோர் அரண்மனையையும் மணிக்கூண்டையும் கண்டு திரும்பிவிடுவதே வழக்கம். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆற்றோர நடையை அவர்களுக்கு நாம் பரிந்துரைக்கிறோம்.

நடையைத் தொடங்க ஏற்ற இடம் பாங்க்சைடு. புனித பால் தேவாலயத்துக்கு எதிர்க்கரையில் செங்கல்லால் ஆன பெருங்கட்டடம் ஒன்று நிற்கிறது. அதன் நடுவே 99 மீட்டர் உயரத்துக்கு ஒரு புகைபோக்கி. அக்கரைத் தேவாலயத்தின் குவிமாடத்தை விஞ்சிவிடாதபடி அதன் உயரத்தை அடக்கி வைத்தனர். 1947-க்கும் 1963-க்கும் இடையே இரு கட்டங்களாக எழுந்த இம்மின் நிலையத்தை வடிவமைத்தவர் சர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். இலண்டன் தெருக்களின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டும் அவர் கைவண்ணமே. எண்ணெய் எரித்து மின்சாரம் தந்த இந்நிலையம், எண்ணெய் விலை ஏறிய பின் கட்டுப்படியாகாமல் 1981-இல் மூடப்பட்டது.

இன்று அது ‘டேட் மாடர்ன்’ என்னும் கலைக்கூடம். சுவிட்சர்லாந்து நாட்டுக் கட்டடக் கலைஞர்களான ஹெர்சோக், டி மூரோன் இருவரும் அதை மாற்றியமைத்தனர். 2000-ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. இயந்திரங்களை அகற்றிய மண்டபத்தை அவர்கள் அறைகளாகத் தடுக்கவில்லை. 152 மீட்டர் நீளமும் 35 மீட்டர் உயரமும் உள்ள அந்த வெற்றிடத்தை அப்படியே விட்டுவைத்தனர். உள்ளே இறங்கி நின்றபோது, பெருங்கோயிலின் பிராகாரத்தில் நிற்பது போன்ற ஓர் அடக்கம் நம்மை ஆட்கொண்டது. நிலத்தடி எண்ணெய்த் தொட்டிகளும் 2012-இல் காட்சிக்கூடங்களாயின. நிலையான தொகுப்பைக் காணக் கட்டணம் இல்லை.

கிழக்கு நோக்கி நடந்து இலண்டன் பாலத்தைக் கடந்தால் ‘ஹேஸ் காலரியா’ வரும். முன்னொரு காலத்தில் இங்கே கப்பல் வந்து நிற்கும் குடைவுத் துறை இருந்தது, இருபுறமும் கிடங்குகள். 1861 ஜூன் 22 அன்று இந்த வட்டாரத்துக் கிடங்கு ஒன்றில் பற்றிய தீ இரு வாரங்கள் வரை கனன்றது. தீயணைப்புப் படைத் தலைவர் ஜேம்ஸ் பிரெய்டுவுட் சுவர் இடிந்து விழுந்து உயிர்நீத்தார். தீயணைக்கும் பொறுப்பைக் காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து பொது நிர்வாகம் ஏற்பதற்கு வழிவகுத்த நிகழ்ச்சி அது. இன்று துறையின் நீர்ப்பரப்பு மூடப்பட்டு, மேலே கண்ணாடிக் கூரை வளைந்து நிற்கிறது. 1987 முதல் கடைகளும் உணவகங்களுமாய் மக்கள் நிறைந்த இடம்.

அடுத்து நிற்பது 1894-இல் திறக்கப்பட்ட டவர் பாலம். கப்பலுக்கு வழிவிட அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலெழும். நீராவியின் துணையால் நீரை அழுத்தி, அவ்வழுத்தத்தால் பாலத்தைத் தூக்கினர். 1976-இல் மின்சாரமும் எண்ணெயும் அப்பணியை ஏற்றன. ஓய்வு பெற்ற பழைய இயந்திரங்கள் துடைத்து மெருகிடப்பட்டு, இருந்த இடத்திலேயே காட்சிப் பொருள்களாகியுள்ளன.

பாலத்தைத் தாண்டியதும் ஷாட் தேம்ஸ் என்னும் குறுகிய தெரு. இருபுறமும் உயர்ந்த செங்கற் கிடங்குகள். தலைக்கு மேலே கிடங்கையும் கிடங்கையும் இணைக்கும் இரும்புப் பாலங்கள். ஆற்றோரக் கிடங்கில் இறங்கிய சரக்கு அவற்றின் வழியே உள்கிடங்குகளுக்குச் சென்றது. கட்டடங்களின் பெயர்களைப் படித்த நாம் வியந்து நின்றோம். ஒன்று இலவங்கப்பட்டை, ஒன்று ஏலக்காய், மற்றொன்று கிராம்பு! நம் அஞ்சறைப்பெட்டியே அங்கே தெருவாகி நின்றது. பெருஞ்செல்வம் உடையோர் வாழும் அடுக்குமாடி வீடுகளுக்கு அவை இன்று பெயர்கள்.

இத்தெருவின் தலைமைக் கட்டடமான பட்லர்ஸ் வார்ஃப் 1873-இல் கட்டி முடிந்தது. தேயிலைக்குப் பேர்போன கிடங்கு அது. அதே 1873-இல்தான் இலங்கைத் தேயிலை முதன்முதலாக இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. அளவு வெறும் 23 ராத்தல். அதன் பின் அது பெருகிய வேகத்தைத் தோட்டத் தொழிலாளர் அறிவர். திருச்சி, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் திரட்டிச் சென்ற நம் மக்கள், மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மலையேறினர். வழியிலேயே மாண்டவரும் பலர். இக்கரைக் கிடங்குகளில் அடுக்கப்பட்ட பெட்டிகளில் அவர்கள் கிள்ளிய கொழுந்தும் இருந்தது. ஏலக்காயின் பெயர் சுவரில் உண்டு. கொழுந்து கிள்ளியவளின் பெயர் எங்கும் இல்லை.

அவ்வூர்த் தொழிலாளியின் நிலையும் இனியதன்று. விடியலில் துறைவாயிலில் கூட்டமாக நிற்க வேண்டும். மேற்பார்வையாளன் கை காட்டினால் அன்று கூலி, இல்லையேல் பட்டினி. 1889-இல் மணிக்கு ஆறு பென்சு கூலி கேட்டு அவர்கள் நடத்திய வேலைநிறுத்தம் வெற்றி கண்டது. ஆயினும் அன்றாடக் கூலி முறை 1967-இல்தான் ஒழிந்தது. அதற்குள் பெருங்கப்பல்களும் பெட்டகச் சரக்கும் வந்துவிட்டன. துறைமுகத் தொழில் ஆற்றின் முகத்துவாரம் நோக்கி நகர்ந்தது. பட்லர்ஸ் வார்ஃப் 1972-இல் மூடப்பட்டது. நிலையான வேலை கிடைத்த சில ஆண்டுகளிலேயே வேலையே மறைந்தது.

இக்கதை மும்பையில் வாழும் நமக்குப் புதிதன்று. 1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் ஈடுபட்டனர். அதன் பின் மூடிய ஆலைகள் பல மீண்டும் திறக்கவில்லை. பரேல் பக்கத்து பீனிக்ஸ் ஆலை இன்று பெரும் வணிக வளாகம். நம் இளைஞர்கள் அங்கே துணி வாங்குகின்றனர். அத்துணியை நெய்த இடமே அது என்பதை எத்தனை பேர் அறிவர்?

கட்டடத்தைக் காப்பது அரசாலும் செல்வராலும் ஆகும் காரியம். அதனுள் உழைத்தவரின் நினைவைக் காப்பது குடும்பங்களால்தான் ஆகும். ஆலையிலோ துறைமுகத்திலோ தாராவித் தோல் பதனிடும் சாலையிலோ பணிசெய்த பெரியவர் இன்னும் நம் வீடுகள் சிலவற்றில் உள்ளனர். எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு, யார் துணையுடன் வந்தார், எந்தப் பிரிவில் நின்றார், முதற் கூலி எவ்வளவு என்று அவரைக் கேட்டு, ஒரு குறிப்பேட்டில் பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். பழைய பணி அட்டையும் கூலிச் சீட்டும் அலமாரியில் இருந்தால் அவற்றைக் கழித்துவிடாமல் அக்குறிப்பேட்டோடு சேர்த்து வையுங்கள். சுவரில் இடம்பெறாத பெயர் நம் வீட்டு ஏட்டிலேனும் இருக்கட்டும்.