மோட்டார் உறுமினால் முதலில் முனையைப் பாருங்கள்

உத்திரமேரூர் வட்டாரத்தில் கிணற்று நீரை நம்பி நெல் பயிரிடும் உழவர்களே! கதிர்விடும் பருவத்தில் மோட்டார் எரிந்தால் பயிர் வாடும். காயில் கட்டும் செலவும் சேரும்.

மோட்டார் சுற்றாமல் உறுமினால் உடனே நிறுத்துங்கள். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை வராதிருக்கலாம். ஓடும்போது ஒரு முனை அறுந்தால், மற்ற இரு முனைகளில் மின்னோட்டம் ஏறக்குறைய 1.7 மடங்காகிக் காயில் கருகும்.

டெஸ்டரை மட்டும் நம்பலாகாது. ஸ்டார்ட்டர் இயங்கும்போது, அறுந்த முனையிலும் காயில் வழியே மின்சாரம் திரும்பி வந்து டெஸ்டர் எரியும். எனவே ஸ்டார்ட்டரை நிறுத்தி, உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு முனைகளை இரண்டிரண்டாக வோல்ட் மீட்டரில் அளக்கச் செய்யுங்கள். ஒவ்வோர் அளவும் சுமார் 415 வோல்ட் இருக்கவேண்டும்.

1. மெயின் சுவிட்சுக்கு முன்பே குறைந்தால், பழுது மின்வாரிய லைனில் உள்ளது.
2. பியூசுக்குப் பின் குறைந்தால், பியூஸ் போயிருக்கும். தடித்த கம்பி போடாதீர்கள்.
3. அங்கும் சரியானால், மெயினை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டரின் காண்டாக்டுகள் கருகியுள்ளனவா, கேபிள் இணைப்பு விட்டுள்ளதா, பம்பு இறுகியுள்ளதா எனப் பார்க்கச் செய்யுங்கள்.

முனை இழப்புத் தடுப்புக் கருவியை ஸ்டார்ட்டருடன் பொருத்தினால், ஒரு முனை போனதும் மோட்டார் தானே நின்றுவிடும். காயிலும் தப்பும், பயிரும் பிழைக்கும்.