சீமைக்கிளுவையை எமது வேலியில் நாட்டலாமா?

வேலி எமது மக்களுக்கு வெறும் எல்லைக்கோடு அல்ல. தோட்டத்துக்குக் குழையும், ஆட்டுக்குத் தீனும், அடுப்புக்கு விறகும் வேலியிலிருந்தே வந்தன. இடம்பெயர்ந்து வேறிடத்தில் வாழும் குடும்பங்களும், பல வருடங்களின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பிய குடும்பங்களும் முதலில் தேடுவது கதியாலைத்தான். இன்று பல இடங்களில் இலகுவாகக் கிடைப்பது சீமைக்கிளுவைக் கதியால். கிளிறிசீடியா என்றும், சிங்களத்தில் கினிசீரியா என்றும் சொல்லப்படுவது இதுவே. இதன் தாயகம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும். "பிறநாட்டுச் செடி நிலத்தைக் கெடுத்துவிடாதா?" என்று சிலர் கேட்கின்றனர். கேட்கவேண்டிய கேள்விதான்.

வந்தவை எல்லாம் ஒன்றல்ல

மிளகாய், மரவள்ளி, புகையிலை, பப்பாசி ஆகியவையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. அவை இல்லாத எமது தோட்டங்களை இன்று நினைத்துப் பார்க்க முடியாது. மறுபுறத்தில் நாயுண்ணியைப் பாருங்கள். 1826 இல் பேராதனைப் பூங்காவுக்கு அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்டது. அதன் பழத்தைப் பறவைகள் தின்று நாடெங்கும் விதைத்தன. அதன் இலை மாடுகளுக்கு நஞ்சு. அம்பாந்தோட்டைக் கரையோரத்திலும் மன்னாரிலும் சீமைக்கருவேல் பற்றைகள் மேய்ச்சல் நிலங்களை மூடியுள்ளன. அதன் நெற்றைத் தின்னும் மாடுகள் சாணத்தின் வழியே விதையைப் பரப்புகின்றன. 1999 இல் வவுனியாவில் அறியப்பட்ட பாதீனியம் வடக்கின் தோட்டங்களில் என்ன செய்தது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

ஆகவே செடி எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. நாட்டுவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்போம்.

1. தானாகப் பரவுமா?

சீமைக்கிளுவையின் நெற்று முற்றியதும் வெடித்து விதையைப் பல மீற்றர் தூரத்துக்கு எறியும். பறவையோ மாடோ அதைத் தூரத்துக்குக் கொண்டுபோவதில்லை. பூக்கள் முற்றிய கிளைகளிலேயே வரும். வருடத்தில் இரண்டு மூன்று தடவை வெட்டப்படும் வேலியில் நெற்றுக் காய்ப்பது அரிது. எனவே கத்தி படும்வரை இது அடங்கியிருக்கும் செடி. வெட்டாமல் விட்டால் 30 அடிக்கு மேலும் உயர்ந்து நிழலால் தோட்டத்தைக் கெடுக்கும்.

2. எமக்கு என்ன தரும்?

இது அவரை இனத்தைச் சேர்ந்தது. வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கின்றன. உலர்ந்த இலையில் நூற்றுக்கு 3 முதல் 4 பங்கு நைதரசன் உண்டு. பச்சைக் குழையில் பெரும்பகுதி நீரே. ஆகவே 100 கிலோ பச்சைக் குழையைத் தாழ்த்தினால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ யூரியாவிலுள்ள நைதரசன் மண்ணுக்குக் கிடைக்கும். இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, வேலியில் குழை வைத்திருந்தவர் கையில் ஏதோ ஒன்று இருந்தது. குழை மண்ணின் ஈரத்தையும் காக்கும். இது சில வாரங்களிலேயே உக்கிவிடுவதால் நடுகைக்குச் சற்று முன் தாழ்த்துவது நல்லது. குழை மட்டும் போதாது. மாட்டெருவும் சாம்பலும் சேரவேண்டும்.

இலையில் புரதம் அதிகம். ஆடுமாடுகள் முதலில் அதன் மணத்தை விரும்பமாட்டா. வெட்டி ஒருநாள் வாடவிட்டு, வேறு புல்லுடன் சிறிது சிறிதாகக் கலந்து பழக்கவேண்டும். மொத்தத் தீனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் இருப்பது நன்று.

3. என்ன கேடு செய்யும்?

இதன் தாயகத்தில் பட்டையையும் இலையையும் தானியத்துடன் அவித்து எலிக்கு நஞ்சாக வைப்பார்கள். எனவே விதையையும் பட்டையையும் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். பூஞ்சணம் பிடித்த குழையை எந்த விலங்குக்கும் போடவேண்டாம். கௌபியைத் தாக்கும் அதே அழுக்கணவன் இதிலும் பெருகும். கௌபி, பயறு விதைக்கும் முன் அருகிலுள்ள வேலியை வெட்டிவிடுங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளக் காணிக்கு இது பொருந்தாது.

4. காணி யாருடையது?

இடம்பெயர்ந்தோருக்கு இதுவே மிகப் பெரிய கேள்வி. நாட்டிய கதியால் வேர் பிடித்தபின் வெட்ட வெட்டத் தளிர்க்கும். அகற்றுவதானால் அடியோடு தோண்டவேண்டும். பிறர் காணியில் இருப்போர் உரிமையாளரின் சம்மதத்தைப் பெற்று, இயன்றால் கிராம அலுவலரோ பங்குப் பெரியவர் ஒருவரோ அறிய எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கதியால் நாட்டியதால் காணி எமதாகாது. பின்னால் மனக்கசப்பே மிஞ்சும். ஒரு போகத்துக்குள் எழும்பவேண்டி வரலாம் என்போர் சணலை விதைத்து, பூக்கும் பருவத்தில் உழுது தாழ்த்தலாம். இரண்டு மாதத்தில் பலன் கிடைக்கும். பின்னர் எதுவும் மிஞ்சாது.

சொந்தக் காணிக்குத் திரும்பியோர் பழைய எல்லையை அயலவருடன் சேர்ந்து நின்று பார்த்து, தேவையானால் நில அளவையாளரைக்கொண்டு உறுதிசெய்த பின்பே நாட்டவேண்டும். கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தப்படாத காணியில் ஒரு குழியும் தோண்டவேண்டாம்.

நாட்டும் முறை

• ஐப்பசியில் மழை தொடங்கியதும் நாட்டுங்கள்.
• முற்றிய, ஒன்றரை அங்குலம் பருமனான, 4 முதல் 5 அடி நீளமான கதியாலைத் தெரிவுசெய்யுங்கள். அடிப்பக்கத்தைச் சரிவாக வெட்டுங்கள், பட்டை உரியக்கூடாது.
• ஒன்று முதல் ஒன்றரை அடி ஆழத்தில், ஒன்றரை அடி இடைவெளியில் நாட்டி மண்ணை இறுக்குங்கள்.
• முதல் வருடம் வெட்டவேண்டாம். ஆடு கடிக்கவும் விடவேண்டாம்.
• அதன்பின் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிலத்திலிருந்து மூன்றடி விட்டு வெட்டலாம்.
• மிளகாய், வெங்காயப் பாத்திகளை வேலியிலிருந்து ஆறடியாவது தள்ளி அமையுங்கள்.

எமது கருத்து

சொந்தக் காணியும் மேட்டு நிலமும் கையில் கத்தியும் உள்ளவர்கள் சீமைக்கிளுவையை நாட்டலாம். ஆனால் நிற்கும் பூவரசையும் கிளுவையையும் வெட்டிவிட்டு நாட்டவேண்டாம். பூவரசங்குழையும் காவிளாயும் எமது முன்னோர் மண்ணை வளர்த்த செல்வங்கள். ஒரே இனத்தால் ஆன வேலி ஒரே நோயில் முழுதாகப் போய்விடும். நான்கு கதியாலுக்கு ஒன்று பூவரசாகவோ கிளுவையாகவோ இருக்கட்டும்.

"நாளை எங்கே இருப்போமோ, எதற்கு நாட்டுவது?" என்று கேட்கும் குடும்பங்களும் உண்டு. பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில், இருக்கும் இடத்திலேயே தோட்டமிட்டு அதன் பலனை உண்ணும்படி கேட்டுக்கொண்டார். ஊர் திரும்பும் நம்பிக்கையையும் அதே கடிதத்தில் கொடுத்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. சீமைக்கிளுவைக்கு ஒரு வசதி உண்டு: திரும்பிப் போகும்போது கதியாலை வெட்டிக் கூடவே கொண்டுபோகலாம்.